பின்சீட்டுக் குமாஸ்தா

தென்னாற்காடு ஜில்லாவில் எந்தக் கார் எந்தப் புளியமரத்தில் மோதினாலும், அந்தச் சத்தம் முதலில் எங்கள் பின்சீட்டுக் குமாஸ்தாவின் காதில்தான் விழும். போலீசுக்குச் சேதி போவதெல்லாம் அதற்கப்புறம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். அவர் அங்கே தலைமைக் குமாஸ்தா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், எனக்குத் தெரியாது. கையைக் காலை ஒடித்துக்கொண்டு யார் வந்தாலும் "எங்க குந்திக்கினு வந்தீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பின்சீட்டு என்று பதில் வந்துவிட்டால் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"ஓட்டினவன் மேல தப்பு இருக்கலாம். எதிர்ல வந்தவன் மேல இருக்கலாம். பின்னால குந்திக்கினு தூங்கினவன் இன்னாய்யா தப்பு பண்ணான்?"

விபத்து வழக்குகளுக்கென்று தனி மன்றம் வந்த புதிது அது. அடிபட்ட பயணி நஷ்டஈடு கேட்கலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தலைவிதி என்று மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் சந்தையிலும் சாவு வீட்டிலும் ஆளைப் பிடித்து நிறுத்திச் சட்டம் சொல்வார். அதில் ஒரு சிக்கலும் உண்டு. வாடகை கொடுத்து ஏறியவருக்குத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. ஓசியில் ஏறியவருக்குக் கையை விரித்துவிடும். அதனால் இவர் யார் காரிலும் சும்மா ஏறமாட்டார். திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாக அனுப்பிய காரில், இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு டிரைவர் கையில் நாலணாவைத் திணித்தார். சம்பந்திகளுக்குக் கோபமான கோபம். "சும்மா ஏறினா நான் விருந்தாளி. விருந்தாளிக்குக் கால் ஒடைஞ்சா காபிதான் குடுப்பாங்க" என்று விளக்கம் சொன்னாரே தவிர, காசைத் திரும்ப வாங்கவில்லை.

விபத்தை ஆபீசில் ஒரு தரம் நடத்திப் பார்க்காமல் அவர் மனு எழுதியதில்லை. நான்கு நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டால் கார் தயார். வக்கீலின் மெத்தை நாற்காலிதான் டிரைவர் சீட்டு. டிரைவர் நான், ஹாரனையும் வாயாலேயே அடித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் கோர்ட்டிலிருந்து பாதியில் திரும்பிய வக்கீல், தன் நாற்காலியில் நான் ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு தாம்பாளத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதைப் பார்த்தார். மோதி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றார், பாவம்.

இப்படி இருக்கையில்தான் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து அஞ்சலை வந்தாள். நிலம் கிடையாது, புருஷன் கிடையாது. கூலி வேலை செய்து இரண்டு பிள்ளைகளுக்குக் கேப்பைக்கூழ் ஊற்றுகிறவள். விக்கிரவாண்டிப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போய்விட்டுத் திரும்பும்போது, அவள் ஊர்க்கார டிரைவர் ஒருவர் திண்டிவனத்துக்குக் காலியாகப் போன டாக்ஸியில் ஏற்றிக்கொண்டார். வழியில் வண்டி மதகில் மோதியது. அவளுடைய வலது முழங்கை இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கை இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

டாக்ஸி முதலாளியிடம் அந்த உடைந்த டாக்ஸியைத் தவிர வேறெதுவும் இல்லை. கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. ஆனால் போலீசிடமும் சரி, கம்பெனி ஆளிடமும் சரி, எங்கள் வக்கீலிடமும் சரி, அஞ்சலை ஒரே பதிலைத்தான் சொன்னாள்: காசு எதுவும் கொடுக்கவில்லை. வக்கீல் கேஸ் கட்டை அவளிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். குமாஸ்தா காதில் வாங்காதவர்போல் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அஞ்சலையைப் பின்சீட்டில் உட்காரவைத்து, மடியில் என்ன இருந்தது என்று கேட்டார்.

"மல்லாட்டைப் பைங்க. கூலிக்கு அளந்தது."

"அளந்தது அப்படியே வூடு வந்து சேர்ந்துச்சா?"

"அதெப்படிங்க? ஏறும்போதே டிரைவருக்கு ரெண்டு படி குடுத்துட்டேன். எப்ப ஏத்தினாலும் குடுக்கிறதுதான்."

குமாஸ்தா மனுக் காகிதத்தை எடுக்க ஓடினார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன்.

"நீங்கல்லாம் காசு குடுத்தியான்னுதான கேட்டீங்க? குடுக்கலயே. பொய் சொல்லலாமாங்க?"

கடலூர்க் கோர்ட்டில் கம்பெனி வக்கீல், மல்லாட்டையெல்லாம் வாடகையா என்று சிரித்தார். குமாஸ்தா ஒரு துண்டுக் காகிதத்தை எங்கள் வக்கீலிடம் நீட்டினார். வக்கீல் அதை அப்படியே படித்தார்: வயலில் இந்த மல்லாட்டைதான் இவளுக்குக் கூலி, வயலில் கூலியாக இருப்பது காரில் மட்டும் அன்பளிப்பாகிவிடுமா? ஓசியில்தான் ஏற்றினேன் என்று சொல்லும்படி டிரைவரிடம், உடைந்த டாக்ஸிக்குக் கம்பெனிப் பணத்தை எதிர்பார்த்திருந்த முதலாளி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கூண்டில் ஏறிய டிரைவர் அஞ்சலையின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாங்கினேங்க. ஏத்தும்போதெல்லாம் வாங்குவேன்."

தீர்ப்பு அவள் பக்கம். எங்களுக்கு ஒரு பயம்: இனி குமாஸ்தாவைப் பிடிக்க முடியாது, விழுப்புரம் போய்ச் சேரும்வரை இதையேதான் பேசுவார். ஆனால் அவர் பேசவில்லை. கோர்ட்டு வராந்தாவில் அஞ்சலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கை இப்ப வலிக்குதாம்மா?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு உடைந்து அழுதாள். அத்தனை மாதத்தில் அவளை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தோம். இந்த ஒன்றை யாருமே கேட்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்த எனக்கும் மனம் வரவில்லை.