ராட்சதத் திரையும் கண்ணாடிக்காரரும்

சோபாவை டிவிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடிக்காரர் ஒரு கண்ணை மூடி அளந்தார்.

"இப்ப உக்காரு. தியேட்டர்ல நடு வரிசையில திரை எவ்வளவு பெருசாத் தெரியுமோ, கண்ணுக்கு இதுவும் அதே அளவுதான்."

மனைவி உட்கார்ந்தாள். முட்டி டிவி மேசையில் இடித்தது.

"அளவு சரிதாங்க. ஆனா தியேட்டர் மாதிரி இல்ல."

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, அவளுக்கு வங்கி வேலை. இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிறு மதியத்தை அவள் புதிதாக வந்த ராட்சதத் திரை அரங்கத்துக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் ஒருமுறை போனார். தலைவலியோடு திரும்பியவர் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவள் மட்டும் விடாமல் போனாள்.

போதாக்குறைக்கு அவள் கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. பிறர் கண்ணைப் பார்த்தே பிழைப்பவர் அல்லவா? எல்லாம் அந்தத் திரை செய்கிற வேலை என்று கண்டுபிடித்து, சொட்டு மருந்தும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ராட்சதத் திரை அது இதுன்னு பேரை மாத்தி மாத்தி வச்சு தியேட்டர்காரங்க ஏமாத்தறாங்க. வீட்டுல என்ன குறையுது, சொல்லு. பண்ணிடறேன்."

அவள் யோசித்தாள். "அங்க சீட்டு சாயும்."

மறுநாளே கடையில் கண் பரிசோதிக்கும் நாற்காலி வீட்டுக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் நின்றபடியே எழுத்து வாசித்தார்கள். ஞாயிறன்று மனைவியை அதில் உட்காரவைத்துப் பெருமையோடு மிதியை அழுத்தினார். நாற்காலி சாயவில்லை. உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே நின்றுகொண்டது.

"என்னங்க, இங்கேருந்து டிவி தெரியல."

"வேற என்ன தெரியுது?"

"உங்க உச்சந்தலை. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, முடி கொட்டுதுன்னு."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "தியேட்டர்ல இருட்டா இருக்கும். அதான் உனக்குக் குறையுது."

ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினார். நல்ல இருட்டு. அந்த இருட்டில் தட்டுத்தடுமாறி வந்தவர் மிதியை மிதித்துவிட்டார். நாற்காலி மனைவியோடு தடாலென்று இறங்கியது.

"அடிபட்டுச்சாம்மா?"

"இல்லீங்க." இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இதுல எல்லாம் ஒண்ணுமில்ல. சத்தம்தாங்க முக்கியம்."

அவளுடைய அண்ணன் விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். அடுத்த ஞாயிறு, பீரோ உயரத்தில் இரண்டு பெட்டிகளைக் கூடத்தில் இறக்கிவிட்டு, "மச்சான், பாத்து வையுங்க. இது மைதானத்துல வைக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணாடிக்காரர் ஒரு குடும்பப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்.

"ஐயோ, இது வேண்டாங்க. நடுநடுவுல எல்லாரும் அமைதியாயிடுவாங்க. வெடிக்கிற படமாப் பாத்துப் போடுங்க."

போட்டார். முதல் பாலம் வெடித்ததும் மனைவி முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. பின்னால் சாய்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினார். ஜன்னல் தாள்கள் பிய்த்துக்கொண்டு விழுந்தன. அவர் கண்டுகொள்ளவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த வேளையில் யாரோ கதவை இடித்தார்கள். கீழ்வீட்டு அம்மா.

"தம்பி, உங்க படத்துல எத்தனை பேரு செத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. என் அலமாரியில ஒரு தட்டுகூட உயிரோட இல்ல."

அவர் மன்னிப்புக் கேட்டுச் சத்தத்தைக் குறைத்தார். உடனே மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்களை அகலத் திறந்துவைத்துக்கொண்டாள்.

"விடுங்க. நான் அங்கயே போய்க்கறேன்."

"நானும் வீடும் சேர்ந்து தர முடியாதது அப்படி என்னதான் இருக்கு அங்க?"

அவள் தரையைப் பார்த்தாள். "சொன்னா உங்களுக்குப் பிடிக்காமப் போயிடும்."

அங்கே அவள் பக்கத்தில் வேறு யாராவது உட்காருகிறார்களோ என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு அவள் கிளம்பியதும், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவரும் பின்னாலேயே கிளம்பினார். அவர் உள்ளே நுழைந்தபோது திரையில் ஒரு நகரமே எரிந்துகொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. பஞ்சையும் மீறிப் பல் கூசியது. ஒவ்வொரு வரிசையாகத் துழாவிக்கொண்டே போனார்.

கடைசி வரிசையில் இருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கமும் காலி, அந்தப் பக்கமும் காலி. அவருக்குப் பாதி உயிர் திரும்பியது.

இருக்கை முழுக்கச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு விமானம் நேராக அவள்மேல் விழுவதுபோல் வந்தது. அவள் புரண்டு படுத்தாள்.

இவ்வளவு காசு கொடுத்துவிட்டுத் தூங்குகிறாளே என்று அவளை உலுக்கக் கை நீட்டினார். அந்தக் கையை யாரோ பிடித்தார்கள். இருக்கை காட்டும் பெண்மணி. கையில் டார்ச். பஞ்சை எடுக்கும்படி சைகை காட்டினாள். எடுத்தார்.

அவள் அவர் காதருகே குனிந்து கத்தினாள்:

"எழுப்பாதீங்க சார், பாவம்! வாரம் பூரா வீட்டுல கண்ண மூட மாட்டாங்களாம். இவங்க குறட்டையக் கேட்டா, புதுசாக் கட்டிக்கிட்ட வீட்டுக்காரர் பயந்துடுவாராம்!"