கிளட்சு இல்லாத கியரு

தெரியாத விஷயத்தில் நான் வாயைத் திறப்பதே இல்லை. தெரிந்த விஷயத்தில்தான் ஒவ்வொரு தடவையும் என் மானம் போயிருக்கிறது.

போடியிலிருந்து மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஓட்டுகிறவன் நான். எந்தக் கொண்டை ஊசி வளைவில் எந்தக் கியர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால், பெண் பார்க்கப் போன இடத்தில் ஜெயராணி, "சனிக்கிழமை சைக்கிள்ல மெட்டுக்குப் போவேன். கூட வாங்க, மேல போயி பதில் சொல்றேன்" என்றபோது சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவள் பெரியகுளத்தில் டீச்சர். ஏற்கெனவே ரெண்டு பேரை வேண்டாம் என்றவள். எனக்கோ பார்த்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை தன் அண்ணனுடைய கியர் சைக்கிளை எனக்கென்று கொண்டுவந்திருந்தாள். மலையடிவாரத்து முந்தலில் ஏற்றம் தொடங்கும் முன், "கியர் மாத்தத் தெரியும்ல?" என்றாள்.

"கியரப் பத்தி என்கிட்டயா கேக்குறீக?" என்றேன். (அந்த வாய்க்கு அன்றே ஒரு பூட்டு போட்டிருக்கலாம்.)

முதல் வளைவிலேயே கால் கனத்தது. ஜீப்பில் என்ன செய்வோம்? ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்சை மிதித்து, கியரைக் குறைத்து, ஓங்கி ஒரு மிதி. அதையேதான் செய்தேன். பெடலை நிறுத்தினேன். லிவரை டக் டக் டக்கென்று மூன்று தட்டு. பிறகு எழுந்து நின்று ஓங்கி மிதித்தேன். 'கடக்' என்றது. செயின் கழன்று தொங்க, நான் ரோட்டோரச் செடியில் கிடந்தேன்.

செயினை மாட்டினேன். அடுத்த வளைவில் மறுபடியும் கழன்றது. மூன்றாவதில் செயின் பல்சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொண்டது. கை, கன்னம், புதுச் சட்டை எல்லாம் மசி. "சைக்கிள்ல ஏதோ கோளாறு" என்றேன். அவள் துடைக்க ஒரு துணியை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஸ்டாண்டு ஜீப் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே தோட்டத்துக்குப் போகும் பெண்கள். ஓட்டி வந்த முருகன், "ஏலே, கிளட்சு போயிருச்சா?" என்றான். ஒரு அக்கா, "பாவம், அவனையும் ஏத்திக்கப்பா" என்றாள்.

ஏறிவிடலாம் என்றுதான் சத்தியமாகத் தோன்றியது. ஆனால் ஏறினால் அவளுடைய பதில் மெட்டு வரை வராது, அங்கனயே முடிந்துவிடும். "நீங்க போங்கக்கா" என்று அனுப்பிவிட்டு, ஜெயராணியிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "எனக்கு இது தெரியல. சொல்லிக் குடுங்க."

"மிதிக்கிறத நிறுத்தக் கூடாது. முக்கவும் கூடாது. லேசா மிதிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணா மாத்தணும். கால் கனக்குறதுக்கு முன்னாடியே மாத்திரணும்" என்றாள்.

அதற்கப்புறம் மேலே போகிற வரை செயின் கழலவில்லை. என் உயிர்தான் கழன்றது.

மெட்டில் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "முன்னாடி வந்த ரெண்டு பேருக்கும் எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு. தெரியலன்னு சொன்னது நீங்கதான். மூணாம் வளைவுலயே எனக்குச் சம்மதம். அப்பவே சொன்னா மேல வந்திருப்பீகளா?"

முருகன் சும்மா இருப்பானா? அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு முழுக்க எனக்குப் பெயர் 'கிளட்சு'. கல்யாண மண்டபத்தில் மாமியாரே, "கிளட்சு மாப்ள சாப்ட்டாகளா?" என்று விசாரித்தார்.

போன ஜூனில் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனோம். "அப்பா பேரு என்னம்மா?" என்று கேட்டார் டீச்சர். மகள் கணீரென்று சொன்னாள். டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜெயராணியைப் பார்த்தேன்.

"சரிதான் டீச்சர், எழுதிக்கங்க" என்றாள் அவள்.