வலது தோள் வழிகாட்டு நெறிமுறைகள்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனைத்தான் உலகம் கொண்டாடுகிறது. அதை எப்படி உருட்டுவது, உருட்டுகிறவன் முதுகை எத்தனை பாகை வளைப்பது, உருட்டுமுன் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்றெல்லாம் யோசித்து 'வழிகாட்டு நெறிமுறை' எழுதியவனை யாரும் நினைப்பதில்லை. இந்த அநீதியைப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அப்படி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் குழு பிறந்ததற்குக் காரணம் ஒரு சின்னப் புதிர். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் அமிர்தலிங்கத்தின் அரிசி மில் இருக்கிறது. அங்கே மூட்டை தூக்கும் பதினோரு பேருக்கும் வலது தோளில் வலி. இடது தோள் பழுதில்லை. பாபநாசத்திலும் அவருக்கு ஒரு மில் உண்டு. அதே எழுபத்தைந்து கிலோ சாக்கு, அதே லாரி. அங்கே ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஏன்?

தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. நாடு தாராளமயமாகி ஏழெட்டு வருடமாகியிருந்ததால், இப்படி ஒரு கேள்விக்குப் பதில் தேட வெளிநாட்டு நிதி தாராளமாகக் கிடைத்தது. 'சுமைப் பணியாளர் தொழில்நல நெறிமுறைக் கூட்டுக்குழு' உருவானது. நான் உறுப்பினர் செயலாளர்.

'கூட்டு' என்பதை விளக்கிவிடுகிறேன். முன்காலத்தில் நெறிமுறையை ஓர் அறிவாளி தனியாக உட்கார்ந்து எழுதுவார். தவறென்றால் அவர் தலை உருளும். இப்போது ஆய்வாளரும் களத்தில் பழகியவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். தவறென்றால் எந்தத் தலை என்று தேடவே இன்னொரு குழு வேண்டும். இதுதான் முன்னேற்றம்.

எங்கள் ஆய்வாளர் டாக்டர் ஃபிளோரா. முதுகெலும்பைப் பற்றி மூன்று நாடுகளில் பேசியவர். களத்தில் பழகியவர் ஜெய்னுலாபுதீன் பாய். சவூதியின் தம்மாமில் பன்னிரண்டு வருடம் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்து ஊர் திரும்பியவர். மூட்டை தூக்குகிறவர்களும் களத்தில் பழகியவர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். கூட்டம் தஞ்சாவூரில் ஏசி ஹாலில் நடந்தது. அவர்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று குழு அக்கறையோடு முடிவு செய்தது.

அதற்குப் பதிலாக நாங்களே போய் அவர்களைக் கலந்தாலோசித்தோம். முதலில் வந்து நின்றவர் ஐயாவு. ஐம்பது வயது. வலது கையை மார்புக்கு மேல் தூக்க முடியாது.

"உங்க வலிக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் போடுவீங்க?" என்றார் ஃபிளோரா.

"வலிக்கெல்லாமா மார்க்கு? பாஸ் மார்க் எவ்வளவுங்க?"

"பாஸ், ஃபெயில் எல்லாம் இல்லீங்க. வலியே இல்லன்னா பூஜ்யம். தாங்கவே முடியலன்னா பத்து."

ஐயாவு ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார். அமிர்தலிங்கம் போன வாரம்தான் சொல்லியிருந்தார்: தை அறுவடை லோடு ஆரம்பிக்கும்போது மூட்டை தூக்க முடியாதவன் பெயர் சுமைக்காரர் செட்டில் இருக்காது.

"பூஜ்யம்னே போடுங்கம்மா" என்றார் ஐயாவு. பிறகு என் பக்கம் சாய்ந்து, "இங்க பேரு போனா திருப்பூர்தான் சார். பனியன் கம்பெனியில இந்த வயசுக்கு வாட்ச்மேன் வேலை கூடத் தர மாட்டான்" என்றார்.

பதினோரு பேரும் பூஜ்யம் போட்டார்கள். பதினோரு பேர் வலது தோளிலும் பிளாஸ்திரி இருந்தது. ஃபிளோரா இரண்டையும் நேர்மையாகக் குறித்துக்கொண்டார்: 'சராசரி வலி: பூஜ்யம். பிளாஸ்திரி: பதினொன்று. இவற்றுக்கிடையே தொடர்பு தெளிவாகவில்லை.'

இனி நெறிமுறை எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். புழுங்கலரிசி மாதிரிதான். நெல்லை ஊறப்போட வேண்டும், அவிக்க வேண்டும், காயவைக்க வேண்டும், உமி நீக்கித் தீட்ட வேண்டும். 'மூட்டை ரொம்பக் கனம்' என்ற வாக்கியத்தை முதல் அமர்வில் ஊறப்போட்டோம். நான்காவது அமர்வில் அவித்தோம். ஒன்பதாவது அமர்வில் அது 'சுமையின் எடை குறித்த கருத்து பணியாளருக்குப் பணியாளர் மாறுபடக்கூடும்' என்று முத்து முத்தாக வந்து விழுந்தது. தவிடு ஒரு பொட்டு இல்லை.

பாயும் சும்மா இருக்கவில்லை.

"சவூதியில ஹெல்மெட் இல்லாம கேட்டுக்குள்ளயே விடமாட்டான் சார். நம்மாளுங்க துண்டக் கட்டிக்கிட்டு திரியிறாங்க!"

"வலி தோள்ல பாய்."

"தலையிலேருந்துதானே சார் ஆரம்பிக்கணும்?"

இந்த வாதத்துக்கு எதிர்வாதம் இல்லாததால் பதினோரு மஞ்சள் ஹெல்மெட் வரைவில் ஏறி, அமிர்தலிங்கத்தின் செலவில் வந்து இறங்கியது. ஐயாவு ஒன்றைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஹெல்மெட் கண்ணை மூடியது. "மூட்டைய எங்கங்க வைக்கிறது? இது மேலயா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரு மாதம் கழித்துப் போனபோது மில்லில் தவிடு அளக்க அவைதான் பயன்பட்டன. அறிக்கையில் 'ஹெல்மெட் பயன்பாடு: நூறு சதவீதம்' என்று எழுதினேன். பொய்யில்லை.

பதினான்கு அமர்வுகளில் இறுதி வரைவு முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அச்சுக்குப் போகுமுன் பணியாளர்களிடம் படம் போட்டுக் காட்டி 'கள ஒப்புதல்' வாங்க வேண்டும். மார்கழிக் கடைசியில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நாற்பது நிமிடம் நின்று, மில்லுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு சிக்கல். கிடங்கு முழுக்க ஒரே ஒரு பிளக்பாயின்ட்தான், அதுவும் மூலையில். அதில் எலக்ட்ரானிக் தராசு மாட்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் வாங்கியது. ஒரு வருட கியாரண்டி செத்த மறுநாள் பேட்டரியும் செத்தது. அதிலிருந்து கரன்ட்டில்தான் ஓட்டம். அதன் ஒயர் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

"தராசைக் கழட்டிடலாமா?" என்றேன்.

"நல்லா இருக்கே! லாரி நிக்குதுங்க" என்றார் அமிர்தலிங்கம்.

பாய் சளைக்கவில்லை. நாங்கள் கொண்டுவந்திருந்த எட்டு மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் மாட்டி, கிடங்கின் நடுவில் கொண்டுபோய் வைத்தார். ஒரு துளையில் புரொஜெக்டர், இன்னொன்றில் தராசு. தராசின் ஒயர்தான் எட்டாதே? ஆகவே நாலு பேர் சேர்ந்து தராசையே மூலையிலிருந்து நடுவுக்கு இழுத்தார்கள்.

ஃபிளோரா, 'சரியாகத் தூக்குவது எப்படி' என்ற நாற்பது ஸ்லைடுகளை ஆரம்பித்தார். லாரி காத்திருந்ததால் ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். மற்றவர்கள் பின்னால் லோடு ஏற்றினார்கள்.

ஏழாவது ஸ்லைடில் நான் தற்செயலாகத் திரும்பினேன். ஐயாவு மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். இடது தோளில்!

எழுந்து பின்னால் போனேன். எனக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருளானாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் விடமாட்டேன். பார்த்தேன். எடை போட்ட மூட்டையின் இரண்டு பக்கமும் ஆள் நின்று கைகொடுத்தார்கள். மூட்டை நேராக எழும்பியது. தூக்குகிறவர் எந்தத் தோளைக் காட்டினாலும் அதில் வந்து உட்கார்ந்தது. மூலையில் இருந்தபோது? இடது பக்கம் சுவர், மூட்டைக்குப் பின்னாலும் சுவர். கைகொடுக்க ஒருவர்தான் நிற்கலாம். மீதிப் பாதியைத் தூக்குகிறவரே இடுப்பை முறுக்கி வெளியே இழுக்க வேண்டும். இழுத்தால் வலது தோளுக்குத்தான் வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு மூட்டை, இரண்டு வருடம், ஒரே தோள்.

"பாபநாசம் மில்லுல தராசு எங்க இருக்கு?" என்று அமிர்தலிங்கத்திடம் கேட்டேன்.

"அங்க பழைய இரும்புத் தராசுங்க. நடுவுல கிடக்கும். அதுக்கு எதுக்கு கரன்ட்டு?"

ஃபிளோராவிடம் ஓடினேன். "மேடம், தராசு!"

"எந்த ஸ்லைடு?" என்றார் ஃபிளோரா.

"ஸ்லைடுல இல்ல மேடம். அங்க, பின்னால."

அவர் பார்த்தார். நியாயமானவர், உடனே புரிந்துகொண்டார். "கரெக்டாத்தான் இருக்கு. ஆனா ஒரே மில்லு, ஒரே மத்தியானம். இது ஆதாரம் ஆகாது. வரைவும் முடிஞ்சுபோச்சு. 'எதிர்கால ஆய்வு'ன்னு கடைசிப் பக்கத்துல சேர்த்துடலாம்."

அன்று மாலைக்குள் ஐயாவு இடது தோளிலேயே நாற்பது மூட்டை ஏற்றினார். கள ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்கக் கூப்பிட்டபோது சிரித்துக்கொண்டே வந்தார். பதினோரு பெருவிரல்களும் பதிந்தன. ஏகமனதான ஒப்புதல்.

"சார், அந்த ஒயர மட்டும் விட்டுட்டுப் போங்களேன்" என்றார்.

"அது குழுச் சொத்து ஐயாவு. பதிவேட்டுல இருக்கு. உங்க முதலாளி ஒண்ணு வாங்கட்டுமே."

"வாங்கறதுக்கென்ன?" என்றார் அமிர்தலிங்கம். "உங்க புத்தகத்துல போடுங்க, மறுநாளே வாங்கிடறேன். ஹெல்மெட்டு போட்டிருக்கீங்க, வாங்கலையா? புத்தகத்துல இல்லாததுக்கு நான் ஏன் செலவு பண்ணணும்?"

முறையான பேச்சு. தராசு மூலைக்குப் போனது.

தையில் புத்தகம் வெளியானது. அட்டையில் மஞ்சள் ஹெல்மெட். டெல்லியில் 'சிறந்த பங்கேற்பு முறை' விருது கொடுத்தார்கள். அதே வாரம் மூன்றாவது மூட்டையிலேயே ஐயாவுவின் கை விழுந்துவிட்டது. பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது திருப்பூரில் இருக்கிறார். என்ன வேலை என்று தெரியவில்லை. அவருடைய ஊர் விலாசத்துக்கு ஒரு பிரதி அனுப்பினேன். 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது.

புத்தகம் கிடைக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தராசைச் சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போடுங்கள். மூட்டைக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கட்டும். அதற்கு எட்டு மீட்டர் ஒயர் போதும். அமிர்தலிங்கத்தின் மில்லில் அது ஒரு மத்தியானம் முழுக்க இருந்தது. அதை மணிக்கட்டில் சுற்றிச் சுருட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தவன் நான்தான்.