தீப்பெட்டித் தெருவில் ஒரு ‘பயர் சர்வீஸ்’

தீக்குச்சி செய்கிறவர்கள் கோவில்பட்டியில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் தீயைக் கண்டால் பரம்பரைப் பகையாளியைக் கண்டதுபோல் பாய்கிறவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் தெருவில் அவருக்கு ‘பயர் சர்வீஸ்’ என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். நான் கேட்டதில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலையில் ஆயுசைக் கழித்தவர். வேலையிலிருந்து நின்ற மறுநாளே சைக்கிளின் இரண்டு பக்கமும் வாளி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருக்கோடி காலிமனையில் நாங்கள் குப்பையைக் கொளுத்துவோம். அவர் வந்து அணைப்பார். பாத்திரம் கழுவிய தண்ணீர்தான் என்பதால், அணைந்த தீயிலிருந்து சில நாள் சாம்பார் வாசம் வரும்.

கழுகுமலைப் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் கரிசல். விதைத்தால் மழை இல்லை. விளைந்தால் ஒரே நாளில் கொட்டி எல்லாவற்றையும் அழுகவைத்துவிடும். எல்லாம் இந்த மாதிரிப் புகை வானத்தைச் சூடாக்குவதால்தான் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். “ஐப்பசி மழை ஐப்பசியில வரணுமா வேண்டாமா?” என்று எரிகிற குப்பையைப் பார்த்தே கேட்பார். அவர் சைக்கிள் மணி கேட்டால் டீக்கடையில் பீடிகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு கோயில் கொடைவிழாவில், பொங்கல் பானைக்கு அடியில் எரிந்த தீயிலும் பழக்கதோஷத்தில் ஊற்றிவிட்டார். அன்றைக்குச் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடித்தான் தப்பித்தார்.

நான் அவரிடம் சிக்கியது ஒரு சித்திரை மாதக் காலையில். குப்பை வண்டி ஒன்பது மணிக்கு வரும். வண்டியில் வரும் அக்கா, “மக்குற குப்பை எது, மக்காத குப்பை எது?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். எனக்கு மில்லில் மதிய ஷிப்ட். ஒன்பது மணிக்கு வீட்டில்தான் இருப்பேன். ஆனால் அவ்வளவு பேர் முன்னால் பதில் சொல்லக் கூச்சப்பட்டு, கதவைச் சாத்திக்கொள்வேன். அதற்கு முன்பே காலிமனையில் கொளுத்திவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் அல்லவா?

“என்ன தம்பி, குளிர் காயுதீயளா?”

பின்னால் பயர் சர்வீஸ். வெயில் அப்போதே முதுகைச் சுட்டது. “ஆமா அண்ணாச்சி” என்றேன்.

அவர் திட்டவில்லை. ஒரு வாளியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் அன்றிலிருந்து நான் உதவியாளர். ஊரார் தீயையெல்லாம் அணைத்துவிட்டு வருகிறவருக்கு வீட்டுக் குப்பையை வண்டியில் போடத் தெரியவில்லை என்று என் மனைவி என்னைத் தினமும் வாழ்த்துவாள்.

புகைக்குள்ளேயே நின்று நின்று பயர் சர்வீஸுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இனிமேல் புகைப் பக்கம் போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவரை நிறுத்த வழியில்லை. எரிப்பதை நிறுத்தினால்தான் உண்டு.

அந்த மாதம் வார்டு கூட்டம் நடந்தது. பயர் சர்வீஸ் எழுந்து, இனி யாரும் குப்பையைக் கொளுத்தக் கூடாது என்றார். இரண்டாவது வாக்கியத்துக்குள் இருமல் வந்துவிட்டது.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அக்கா எழுந்தார். “தீப்பெட்டி ஒட்டித்தான் நாங்க கஞ்சி குடிக்கோம். எங்ககிட்டயே வந்து தீ வைக்காதங்கீரே, நல்லாருக்கா?”

கூட்டம் சிரித்தது. அவர் இருமிக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்கு விஷயம் தெரியும். என் மனைவியும்தான் காலையிலேயே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் வேலைக்குப் போகிறாள். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னேன்.

“குப்பை வண்டி ஒம்பது மணிக்கு வருது. பொம்பளையாளுக ஆறரைக்கே வேன்ல வேலைக்குப் போயிருதாவ. பூட்டுன வீட்டுல குப்பையை யாரு குடுப்பா?”

“ஏயப்பா, இவிய பேசுவாவளா?” என்றார் அந்த அக்கா. கவுன்சிலர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து வண்டி ஆறு மணிக்கே வந்தது. காலிமனையில் புகை வருவது நின்றுபோனது.

கூட்டம் முடிந்து திரும்பும்போது பயர் சர்வீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட்டார். “ஒனக்கு இது முந்தியே தெரியுமாலே?”

“தெரியும் அண்ணாச்சி.”

“எம்புட்டு நாளா?”

“ஒரு வருசமா.”

சைக்கிள் நின்றது. அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார்; சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பானது. “ஏன் எரிக்கீயன்னு நானும் ஒரு வருசமா ஒருத்தர்ட்டயும் கேக்கலியேலே” என்றார்.

இப்போது பக்கத்துத் தெருக்களுக்குப் போகிறோம். புகை வருகிற தெருவாகப் பார்த்து, முதலில் கேள்வி கேட்க என்னை முன்னால் அனுப்புகிறார். ஒவ்வொரு கதவையும் தட்டிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றும். பின்னால் அவர் இருமுவது கேட்கும். கதவு திறக்கும்வரை நின்றுவிடுகிறேன்.