சமையலறையில் பென்சில்வேனியா

கட்டிலின் தலைமாடு ஃபிரிட்ஜில் இடித்து நின்றது. வெர்னன் ஸ்டாசியாக் மூச்சைப் பிடித்து இன்னொரு முறை தள்ளினான். கால்மாடும் சமையலறை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது.

"முடிஞ்சுது. இப்ப நான் பென்சில்வேனியாக்காரன்."

"அடுப்பைத் திறக்க முடியல," என்றாள் அவன் மனைவி கொலீன். "பென்சில்வேனியாக்காரனுக்கு இன்னிக்குச் சாப்பாடு கிடையாது."

அந்த வீட்டுக்கு நடுவே மாநில எல்லை ஓடுவது ஊரறிந்த விஷயம். பக்கத்து வேலியோரம் கிடக்கும் எல்லைக்கல்லிலிருந்து நூல் பிடித்தால், சரியாகச் சமையலறை வாசற்படிக்கு வரும். பின்னால் இருக்கும் சமையலறை பென்சில்வேனியா. ரோட்டைப் பார்த்த மற்ற அறைகள் நியூயார்க்.

இதுவரை அது விருந்தாளிகளுக்குச் சொல்லும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பென்சில்வேனியாவில் வெர்னன் வேலை பார்த்த ஜன்னல் தொழிற்சாலை போன வருஷம் மூடப்பட்டது. வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை வந்தது. "இதுக்கு மாநில வரியே கிடையாதுப்பா," என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். அவர்கள் எல்லோரும் பென்சில்வேனியாவில் குடியிருப்பவர்கள் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. வந்ததை முழுக்கச் செலவழித்துவிட்டான். இன்று மத்தியானம் வரிக்கணக்கு எழுதும் அம்மாள்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"வாஷிங்டனுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, எல்லாரும் கட்டணும். மாநில வரி, நீங்க குடியிருக்கற மாநிலத்தைப் பொறுத்தது. பென்சில்வேனியா இதுக்கு வரி போடாது. நியூயார்க் போடும்."

"பணம் குடுக்கறதே பென்சில்வேனியாதானேங்க?"

"யாரு குடுத்தா என்ன? நீங்க ராத்திரி எங்க தூங்கறீங்க?"

அவள் பேச்சுவாக்கில்தான் கேட்டாள். வெர்னன் வீட்டுக்கு வந்ததும் கட்டிலைக் கழற்றாமலே தள்ள ஆரம்பித்துவிட்டான்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே கணக்குக் குடுக்கறோம்? நான் நியூயார்க் சோபாவுல தூங்கினா?" என்றாள் கொலீன்.

"நீயும் இங்க வந்துடு."

"அந்த ஃபிரிட்ஜ் உறுமறதுக்குப் பக்கத்துலயா? உன் குறட்டையே போதும்."

மறுநாள் காலை அவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. சாட்சி வேண்டாமா? ஊர் மொத்தமும் காலைச் சாப்பாட்டுக்குக் கூடும் டைனருக்குப் போனான். எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தான்.

"நான் பென்சில்வேனியாவுலதான் குடியிருக்கேன். நியூயார்க் பக்கம் கால்கூட நீட்டறதில்ல. எல்லாரும் கேட்டுக்குங்க!"

எல்லோரும் நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள். மத்தியானம் கொலீன் போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"ஊர்த்தலைவர் டில்லட்சன் பேசினாரு. ரோடு மேற்பார்வை வேலை காலியாம். உன்னைத்தான் போடறதா இருந்தாங்களாம்."

"அடேயப்பா!"

"குதிக்காதே. நியூயார்க்ல, இந்த ஊர்ல குடியிருக்கறவனுக்குத்தான் அந்த வேலை. நீ டைனர்ல கத்தினது அவர் காதுக்குப் போயிடுச்சு. நேர்ல பாக்க இப்பவே வர்றாராம்."

உதவித்தொகை இந்த மாதத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் வீட்டுக் கடனுக்கும் கொலீனின் ஆஸ்துமா மருந்துக்கும் வழி தெரியவில்லை. வெர்னன் கட்டிலுக்குப் பாய்ந்தான்.

உள்ளே வந்த கட்டில் வெளியே போக மறுத்தது. வாசற்படியில் பாதி தாண்டியதும் நிலையில் இறுகிக்கொண்டது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்து வீட்டில் உருளைக்கிழங்கு பயிரிடும் பேர்டி லூமிஸை, கொலீன் கையோடு கூட்டி வந்தாள். டிராக்டர் ஓட்டி உரமேறிய கை. அவள் இழுத்தும் அசையவில்லை.

அப்போது டில்லட்சன் உள்ளே வந்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கமே, வெர்னன் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்காரர். ஐந்து தேர்தல்களில் தொடர்ந்து ஜெயித்தவர். ஒரு விரலில், ரோடு மேற்பார்வையாளருக்குக் கொடுக்கும் பனி தள்ளும் லாரியின் சாவி தொங்கியது.

"கட்டில் எங்க போயிட்டிருக்கு, வெர்னன்?"

"நியூயார்க்குக்குங்க தலைவரே!"

"தலையணை பென்சில்வேனியாவுல இருக்கே."

வெர்னன் தலையணையைப் பிடுங்கி மறு முனையில் போட்டான். ஷூவோடு ஏறிப் படுத்தான். "இப்பப் பாருங்க. தலை நியூயார்க்ல."

"கால்?"

"கால் எங்க கிடந்தா என்னங்க? வேலைக்குத் தலைதானே முக்கியம்?"

டில்லட்சனின் உதட்டோரம் மெல்ல நெளிந்தது. அவர் சாவியை விரலிலிருந்து கழற்றி நீட்டினார். வெர்னன் படுத்தபடியே கையை நீட்டினான்.

"இதுக்கா என் இடுப்பை ஒடிச்சீங்க?" என்றாள் பேர்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "அந்தக் கல்லை வச்சா கணக்குப் பாக்கறீங்க? அது எங்க நிலத்துல இருந்த கல்லு. ஏர் ஓட்ட இடைஞ்சலா இருக்குன்னு எங்கப்பா டிராக்டர்ல கட்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாரு. அப்ப இங்க வீடே கிடையாது. நிஜ எல்லை ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்க வீட்டுத் தபால் பெட்டிக்குக் கீழ."

ஃபிரிட்ஜ் உறுமியது.

அப்படியானால் நியூயார்க்குக்கு வரி கிடையாது. வெர்னனுக்கு அது புரிந்த அதே நொடியில் சாவி டில்லட்சனின் சட்டைப்பைக்குள் போனது.

"அப்ப மொத்த வீடும் பென்சில்வேனியா. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இந்த ஊர்ப் பதவி இந்த ஊர்க்காரனுக்குத்தான். சட்டத்துல நான் விளையாட மாட்டேன்."

கொலீன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். டில்லட்சன் வாசலை நோக்கித் திரும்பினார்.

பேர்டி ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கம் மூணாவது வீடு எந்த மாநிலம், தலைவரே?"