எட்டுக் கிலோ அரிசியும் ஒரு சண்டையும்

எட்டுக் கிலோ அரிசியை முதுகுப்பையில் சுமந்துகொண்டு ஸுஹைர் வீட்டைவிட்டுப் புறப்பட்ட மூன்றாம் நாள், விஷயம் கீழக்கரை முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்த விஷயம் மட்டும் தப்பு.

பக்கத்து வீட்டு மீரா சாகிபுதான் செய்தியைக் கொண்டுவந்தார். சுபுஹு தொழுகை முடிந்து வந்தவர், வாசலில் நின்ற தஸ்னீமிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்பிள்ள கோவிச்சுக்கிட்டு உம்மா வீட்டுக்குப் போயிட்டாகளாமே?"

அந்த ஊரில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து தங்குவார். ஆகவே விடிகாலையில் ஒரு மாப்பிள்ளை பெரிய பையோடு படியிறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஸுஹைரின் உம்மா வீடு இரண்டு தெரு தள்ளி, அவன் நடந்துபோன அதே திசையில் இருந்தது. அவன் அதைத் தாண்டி, ஏர்வாடி ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பியதை யாரும் பார்க்கவில்லை.

சண்டையெல்லாம் இல்லை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள் தஸ்னீம்.

"அப்ப பை எதுக்கு? உள்ள என்ன?"

அவளுக்குப் பொய் சட்டென்று வராது. "அரிசி மாமா" என்றாள்.

மீரா சாகிபு தொப்பியைக் கழற்றி மடித்தார். பிறகு, "ஒங்க உம்மா வாசல்ல நின்டு கண்ணத் தொடச்சுக்கிட்டு இருந்தாக. அதப் பாத்துத்தான் எனக்கு மனசு கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தஸ்னீம் உள்ளே போய் உம்மாவைக் கேட்டாள். உம்மா ஜுனைதா, வெங்காயம் உரித்ததாகச் சொன்னாள்.

"காலைல அஞ்சரை மணிக்கா?"

"வெங்காயத்துக்கு மணி பாக்கத் தெரியுமா புள்ள?"

மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை தன் பங்கு அரிசியைக்கூடப் பிரித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஊர் பேசியது.

உண்மை இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று தஸ்னீம் நினைத்திருந்தாள். வருகிற செவ்வாய்க்கிழமை அவளும் ஸுஹைரும் கொடைக்கானலுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து இரண்டு நாள் நடை. இரண்டு ஏரி, மூன்று அருவி. எட்டுக் கிலோ பையோடு பத்துக் கிலோமீட்டர் நடந்து பழகிவிட்டு வரவேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. அவசரத்துக்கு ஒரு நம்பர் என்ற இடத்தில் அவள் உம்மாவின் நம்பரைப் போட்டாள். தெரியாத நம்பர் என்றால் உம்மா எடுக்கமாட்டாள் என்ற தைரியம்.

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் ஊட்டி. கல்யாணமான புதிதில் இருவரும் ஊட்டி போவதாகச் சொன்னார்கள். பதினேழு பேர் வேனில் ஏறினார்கள். ஏரியில் படகு விட்டபோது மாப்பிள்ளை ஒரு படகில், பெண் வேறொரு படகில். உம்மா படகிலேயே ஏறவில்லை. பிரியாணிச் சட்டிக்கும் பதினேழு ஜோடிச் செருப்புக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணமாகி மூன்று வருஷம். ஸுஹைர் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். மூன்று வருஷத்தில் அவன் ஊரில் இருந்தது எழுபத்தொரு நாள். அந்த எழுபத்தொரு நாளில் இருவரும் இடைஞ்சல் இல்லாமல் தனியாகப் பேசிய மிக நீண்ட நேரம் நாற்பது நிமிஷம். அன்றைக்குக் கரண்ட் இல்லாததால் காலிங் பெல் அடிக்கவில்லை. தஸ்னீம் பி.எஸ்சி. பௌதிகம். அளந்து வைத்திருந்தாள்.

பயணம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விமானம். இந்தப் பயணம் தவறினால் அடுத்த லீவு பதினான்கு மாதம் கழித்துத்தான்.

மறுநாள் காலை அவளும் ஒரு பையை மாட்டிக்கொண்டு அவனோடு கிளம்பினாள். ஒன்றாக நடப்பதை நாலு பேர் பார்த்தால் பேச்சு அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டாள். கணக்கில் அவன் கால் நீளத்தைச் சேர்க்கவில்லை. இரண்டாவது தெருவுக்குள் அவன் ஐம்பது அடி முன்னால் போய்விட்டான். அவள் பையோடு ஓடினாள். கூப்பிட மூச்சு இல்லை.

ஸுஹைரின் உம்மா ருக்ஸானா வாசலில் தயாராக நின்றார். மகன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். இடியாப்பமும் வட்டலாப்பமும் ஏற்கெனவே தயாராக இருந்தன. பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற மருமகளுக்கும் ஒரு தட்டு வைத்தார். அதில் ஒரு இடியாப்பம் குறைவு.

"பொண்டாட்டி துணிமணியக் கட்டிக்கிட்டு ரோட்டுல பின்னாலயே ஓடுச்சு" என்று ஊர் சேர்த்துக்கொண்டது.

ரோடு இனி ஆகாது என்று முடிவு செய்தார்கள். கீழக்கரையில் ஏறுவதற்கு மலை இல்லை. மாடிப்படி இருந்தது. இருபத்திரண்டு படி, அறுபது முறை ஏறி இறங்கினால் ஒரு குன்றுக்குச் சமம். படி குறுகல் என்பதால் ஒருவர் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்னொருவர் ஏற முடியும். இருவருக்கும் மூச்சு இரைத்ததால் பேச்சு இல்லை. மீரா சாகிபு வீட்டு ஜன்னல் அந்தப் படியைப் பார்த்தே இருந்தது.

அவர் பார்த்தது இதுதான். புருஷன் மாடிக்குப் போனால் பெண்டாட்டி கீழே நிற்கிறாள். அவன் இறங்கினால் இவள் ஏறுகிறாள். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு மாடியில் சேர்ந்து இருக்கக்கூடப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சமாதானம் பேச வந்துவிட்டார்கள். மீரா சாகிபு, ருக்ஸானா, நடுவில் பெரியும்மா மர்ஜானா. மர்ஜானா உம்மாவின் லாத்தா, மூத்த சகோதரி. ஊரில் பன்னிரண்டு தம்பதிகளைச் சேர்த்துவைத்தவர் என்று பேர். அதில் மூன்று தம்பதிகள் அவர் தலையிடும்வரை சண்டையே போடாதவர்கள் என்றும் சொல்வார்கள்.

என்ன பிரச்சினை என்று பெரியும்மா கேட்டார்.

தஸ்னீமும் ஸுஹைரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் செவ்வாய்க்கிழமை வேன் வரும்.

"மீன் ஆணம்" என்றான் ஸுஹைர்.

"போன்" என்றாள் தஸ்னீம், அதே நேரத்தில்.

சபை இரண்டையும் யோசித்தது. மீரா சாகிபு ஒரு முடிவுக்கு வந்தார். "வீட்டு மீன் ஆணத்தப் பத்தி யார்ட்டயோ போன்ல கொறை சொல்லிருக்காக."

அந்த வீட்டில் மீன் குழம்பு வைப்பது உம்மா. ஜுனைதா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். கதவிடுக்கில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. மாமி மனதை இப்படி நோகடித்துத்தான் ஒரு அருவியைப் பார்க்கவேண்டுமா என்று ஸுஹைர் நினைத்தான். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப் போனான்.

அதற்குள் அடுப்படியிலிருந்து அடைத்த குரல் வந்தது.

"லாத்தா, என் ஆணத்து வாடையே வராத எடமாப் பாத்து நாலு நாளு ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும். குளிர்ச்சியான எடமா இருக்கணும். மனசும் ஆறும்."

தஸ்னீமால் நம்பமுடியவில்லை. துக்கமான முகத்தை வைத்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டாள்.

"நல்ல யோசனதான்" என்றார் பெரியும்மா. "ஆனா தனியா விட்டா இன்னும் அடிச்சுக்குவாக. நானும் கூடப் போறேன்."

அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் மூவரும் கிளம்பினார்கள். வாசலில் உம்மா தஸ்னீமின் பைக்குள் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். உப்பு. மாங்காய்க்கு ஆகும் என்றாள். மாங்காய் எங்கே என்று கேட்க நேரமில்லை.

மதுரைவரையிலும், அதற்கு அப்பாலும், பெரியும்மா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார். வலது பக்கம் திரும்பி மாப்பிள்ளைக்குப் பொறுமையைப் பற்றிச் சொன்னார். இடது பக்கம் திரும்பி தஸ்னீமுக்குப் பணிவைப் பற்றிச் சொன்னார். மலைப்பாதையின் நாலாவது வளைவில் அவருக்குத் தலை சுற்றியது. அதன்பிறகு ஸுஹைர் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டான், தஸ்னீம் பாலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டாள். சமாதானப் பேச்சு அத்தோடு நின்றது.

மலைக்கிராமத்தில் ஜீப்போடு பாண்டியம்மாள் காத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் ஆண்கள் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. இருபது வருஷமாக அந்த மலையில் வழிகாட்டி. எத்தனை பேர் என்று கேட்டாள்.

"மூணு" என்றார் பெரியும்மா.

பாண்டியம்மாள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "ரெண்டுதான் எழுதிருக்கு."

பெரியும்மா ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். ஆறு இருக்கை காலி. விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"காலியாத்தான் இருக்கு" என்றாள் பாண்டியம்மாள். "ஆனா எடமில்ல."

பன்னிரண்டு குடும்பத்தைப் பேசியே பணியவைத்த பெரியும்மா இருக்கைகளை மறுபடியும் எண்ணினார். இரண்டு நாளும் தன் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்றாள் பாண்டியம்மாள். வீட்டில் தன் மாமியாரும் நாத்தனாரும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். பெரியும்மா முகத்தில் ரத்தம் திரும்பியது. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரிலிருந்த அந்த வீட்டுக்குள் போனார்.

ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து முதல் ஏரிக்கு மூன்று மணி நேரம் நடந்தார்கள். பாண்டியம்மாள் வெகுதூரம் முன்னால் போனாள். ஏரி யாரோ வைத்துவிட்டு மறந்துபோன தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. கடலைப் பார்த்தே வளர்ந்த தஸ்னீமுக்கு இவ்வளவு தண்ணீர் சத்தம் போடாமல் இருப்பது ஆச்சரியமாக இருந்தது.

நாற்பது நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. என்ன பேசுவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

கரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரிக்கும்போது ஸுஹைர் மெதுவாக ஆரம்பித்தான். "ஒண்ணு சொல்லவா? அன்னிக்கு நான் சொன்னது முழுசாப் பொய்யில்ல. மாமி ஆணத்துல புளி கொஞ்சம் ஜாஸ்திதான்."

"மூணு வருஷமா ரெண்டு தட்டு, மூணு தட்டு வாங்கிச் சாப்பிட்டீகளே மச்சான்."

"மரியாதைக்கு."

"அப்ப எனக்கு அனுப்புன மெசேஜெல்லாம்? 'கனவுலயும் ஆண வாசம்'னு எழுதுனீகளே."

"அது உன் நெனப்புல எழுதுனது. ஆணம் சும்மா."

"எங்க உம்மா ஆணம் சும்மாவா?"

முதல் ஏரியிலிருந்து இரண்டாவது ஏரிவரை இருவரும் பேசவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அதுதான் முதல் நிஜச் சண்டை. தஸ்னீம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நடுவில் வந்து உட்கார ஒரு ஆளும் இல்லை. அந்த மலையில் அந்தச் சண்டை அவர்கள் இருவருக்கு மட்டுமே சொந்தம். யாரும் வளர்க்காததால் அது மேற்கொண்டு வளரவில்லை. ஒரு ஏற்றத்தில் அவள் கால் வழுக்கியபோது அவன் பேசாமல் அவள் பையை வாங்கித் தன் பையின்மேல் போட்டுக்கொண்டான். பதினாறு கிலோ. ஏர்வாடி ரோடு வீண்போகவில்லை.

அருவி ஒரு திருப்பத்தில் திடீரென்று வந்தது. சாரல் முகத்தில் அடித்தது. அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, ஊரில் யாருக்கும் சொல்லாமல். அவன் ஏதோ சொன்னான். அவள் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினாள். "மன்னிச்சுக்க" என்று கத்தினான். மறுபடியும் காதைத் தொட்டாள். மூன்றாவது முறை அவன் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. முதல் முறையே அவளுக்குக் கேட்டுவிட்டது. அதை அவள் சொல்லவில்லை.

அப்போது ஸுஹைர் தன் கணுக்காலைப் பார்த்துவிட்டு ஒற்றைக் காலில் குதித்தான். நான்கு அட்டைகள். கறுப்பாக, நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

பாண்டியம்மாள் திரும்பி வந்தாள். "உப்பு எடு தாயி" என்றாள்.

தஸ்னீம் பையிலிருந்து உம்மாவின் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் ஒன்று தோன்றியது. பையில் உப்பு இருப்பது இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. பாண்டியம்மாள் மிச்ச உப்பைப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தஸ்னீம் அதைக் கையில் வைத்துக்கொண்டே, ஜீப்பில் அத்தனை இடம் இருந்தும் பெரியும்மாவை ஏன் ஏற்றவில்லை என்று கேட்டாள்.

பாண்டியம்மாள் குல்லாவைக் கழற்றி ஈரத்தைப் பிழிந்தாள்.

"நீ பேரு குடுத்த அன்னிக்கே, எழுதுன நம்பரு சரிதானான்னு கூப்புட்டுப் பாத்தேன் தாயி. ஒங்கம்மாதான் எடுத்தாங்க. 'சண்டைன்னு ஊர நம்ப வச்சு ரெண்டு பேரையும் நான் அனுப்பி விடுறேன், மூணாவதா யாரு வந்தாலும் ஏத்தாதீங்க, நானே வந்து அழுதாலும் ஏத்தாதீங்க'ன்னாங்க."