நாணய ஞானசபையின் அவசரக் கூட்டம்

மனித குலத்தின் விடிவு 2009ஆம் ஆண்டில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடமொன்றின் விருந்து மண்டபத்தில், ஞாயிறுதோறும் பின்னேரம் மூன்று மணிக்கு நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் 'நாணய ஞானசபை'. நிறுவுநர், தலைவர், பேருரையாளர் எல்லாம் குலசிங்கம். முன்பு ஆயுள் காப்புறுதி விற்றவர். அது மனிதரின் சாவைப் பற்றிய தொழில். இது நாடுகளின் தலைவிதியைப் பற்றியது.

இராசமணி பெப்ரவரியில் சேர்ந்தாள். ஹோட்டலொன்றில் அறை துப்புரவு செய்பவள். வன்னியில் தம்பியும் பிள்ளைகளும் போருக்குள் அகப்பட்டிருந்தார்கள். என்றாவது அவர்களை வெளியே எடுக்க உதவும் என்று கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தாள். அந்தக் காசு வங்கியில் 'சும்மா நித்திரை கொள்வதை' குலசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

"நேரடியா நாணயம் வாங்கி வித்தா அது ஆழக்கடல், தங்கச்சி. ஈ.ரி.எஃப் எண்டு பங்குச்சந்தையிலை விக்கிற நிதி, அது முழங்கால் தண்ணி. அமெரிக்க டொலர் ஏறினா உந்த நிதியிலை எங்கட பங்கும் ஏறும். முதல் உதிலை நிண்டு பழகுவம்."

"எல்லாற்ற காசும் உங்கட கணக்கிலையோ அண்ணை?"

"ஓம். சீட்டு மாதிரியெண்டு வையுங்கோ."

அந்த ஒரு சொல்லில் அவளுக்குச் சர்வதேசப் பொருளாதாரம் முழுவதும் விளங்கிவிட்டது. சீட்டு தெரியாதவர் உண்டா? ஒரு வீட்டில் இழவோ இடரோ என்றால் மற்றவர்கள் ஏலம் கேட்காமல் விட்டுக்கொடுப்பார்கள். அவதிப்பட்டவர் முழுச் சீட்டையும் எடுத்துப் போகலாம். உலகச் சந்தையும் இவ்வளவு பண்பானதா என்று வியந்து, இருந்ததைக் கொடுத்தாள்.

மார்ச்சுக்குப் பிறகு டொலர் விழத் தொடங்கியது. சபை அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. டொலர் 'மூச்சு வாங்கியது'.

மே மாதம் போர் முடிந்ததென்று கொழும்பு அறிவித்தது. அடுத்த ஞாயிறு, வழக்கமான நேரத்தில், சபை அவசரமாகக் கூடியது. ஒரு நிமிட மௌனம். குலசிங்கம் மணிக்கூட்டைப் பார்த்து மௌனத்தை முடித்து, அதே தழுதழுத்த குரலில் விலை வரைபடத்தை விளக்கத் தொடங்கினார். இரண்டு வேலைக்கும் ஒரே குரலைப் பாவிக்கும் சிக்கனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இராசமணி எழுந்தாள். சபையில் அவள் எழுந்து பேசியது அதுவே முதல் தடவை.

"தம்பி உயிரோடை இருக்கிறான். செட்டிகுளத்திலை, ஆமி முள்ளுக்கம்பி அடிச்சு அடைச்சு வைச்சிருக்கிற முகாமிலை. பிள்ளையளும். வெளியிலை எடுத்துவிட ஒருத்தர் காசு கேக்கிறார். இந்தமுறை சீட்டை எனக்கு விடுங்கோ."

"எந்தச் சீட்டு?" என்றார் செயலாளர் அகஸ்ரின்.

"அது உதாரணத்துக்குச் சொன்னது, தங்கச்சி" என்றார் குலசிங்கம்.

"அப்ப என்ர பங்கையாவது தாங்கோ."

"இப்ப வித்தா நட்டம்."

"பரவாயில்லை."

"உங்களுக்குப் பரவாயில்லை. ஒராள் வித்தா மற்றவைக்கும் மனம் ஆடும், ஒழுக்கம் கெடும்" என்றார் அகஸ்ரின். "ஈ.ரி.எஃப் பாடம் முடியமுந்திக் காசெடுக்கிறதெண்டால் பெரும்பான்மை வேணும். சபையின்ர யாப்பு விதியிலை இருக்கு."

"ஏன் அண்ணை டொலர் விழுந்தது?"

குலசிங்கத்தின் முகம் மலர்ந்தது. சபை தொடங்கிய நாளிலிருந்து அவர் காத்திருந்த கேள்வி அது.

"பயம் வந்தா ஆக்கள் டொலருக்குள்ள ஓடி ஒளிவினம். இப்ப பயம் குறைஞ்சிட்டுது. அதுதான் மூச்சு வாங்குது."

"ஆருக்குக் குறைஞ்சது?"

"உலகத்துக்கு."

"முள்ளுக்கம்பிக்குள்ள நிக்கிறவை உந்த உலகத்திலை இல்லையோ?"

அது நிகழ்ச்சிநிரலில் இல்லாத கேள்வி. ஆகவே சபை, சனநாயக மரபுக்கிணங்க, வாக்கெடுப்புக்குப் போனது. காசு கொடுக்கக் கூடாது என்பவர்கள் கை உயர்த்தும்படி அகஸ்ரின் கேட்டுக்கொண்டார். இராசமணியைத் தவிர எல்லோரும் உயர்த்தினார்கள். ஒரு கைகூடத் தளரவில்லை. அன்று காலையில்தான் யூனிவேர்சிற்றி அவெனியூ ஆர்ப்பாட்டத்தில், அவளோடு தோளுரசி நின்று, 'எங்கள் உறவுகளைக் காப்பாற்று' என்ற பதாகையை மதியம்வரை உயர்த்திப் பிடித்துப் பழகிய கைகள் அவை.